சுவரைப் பார்த்திருந்த பலகை

எட்டடி நீளம், ஒன்றரைச் சாண் அகலம். உப்பு தின்று தின்று மென்மையான பகுதியெல்லாம் கரைந்துபோக, மரத்தின் வயிரம் மட்டும் வரிவரியாக மேலெழுந்து நின்ற சாம்பல் நிறப் பலகை அது. ஆணி இருந்த இடங்களில் துருவின் வட்டங்கள். ஒரு பக்க நுனி முறிந்து பிசிறாகக் கிடந்தது. பருத்தித்துறையில் என் மாமியின் வீட்டு விறாந்தைச் சுவரில், நெஞ்சளவு உயரத்தில், இரண்டு இரும்புக் கொளுக்கிகளின் மேல் அதை வைத்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் அதை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் கதிரையில் இருப்பார்கள். அப்படி ஒரு வடிவு அதற்கு இருந்தது என்பதை நான் இப்போதும் மறுக்கமாட்டேன். ஆனால் பலகைக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. அந்தப் பக்கத்தில் நீலம் பூசி, மஞ்சளில் ஒரு வரி இழுத்து, வரியின் நடுவில் சிவப்பில் ஒரு வேல் கீறியிருந்தது. வேலின் நுனி இடப்பக்கம் வளைந்திருந்தது. அது பக்கத்து வீட்டு அக்காவின் புருசனுடைய வள்ளத்தின் அடையாளம். அந்த மனிதர் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அக்கா பொட்டோடும் தாலியோடும் காத்திருந்தார். நாளுக்கு இரண்டு முறை அந்த விறாந்தையைக் கடந்துதான் எங்கள் கிணற்றுக்குத் தண்ணீர் அள்ளப் போனார். நீலப் பக்கம் சுவரைப் பார்த்திருந்தது. இரண்டரை வருடத்துக்கு மேல் அப்படியே இருந்தது. முதல் இரண்டு வருடமும் எனக்கு விசயம் தெரியாது. மிச்சக் காலம் தெரியும்.

நான் கடற்கரைக்காரி அல்ல. வலிகாமத்தில் தோட்டம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவள். வெங்காயம் தெரியும், புகையிலை தெரியும். வள்ளம் என்றால் எல்லா வள்ளமும் எனக்கு ஒன்றுதான். கலியாணம் முடிந்து ஒன்பதாம் மாதம் இவர் ஜேர்மனிக்குப் போனார். தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் எங்கள் ஊர் முழுக்க எழும்பிப் போக வேண்டி வந்தபோது, சீதனமாகத் தந்த வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மாமியிடம் வந்து சேர்ந்தேன். மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டில் வந்து இருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமியார் வீட்டில் போய் இருக்கிறவள் ஏதோ ஒன்றில் தோற்றவள். மாமி அதை மறக்க விட்டதில்லை. இவருடைய கடிதங்கள் மாமியின் பெயருக்குத்தான் வரும். வாசித்து, இரண்டு நாள் வைத்திருந்து, பிறகு என்னிடம் தருவார். என்னை அங்கே கூப்பிடுவதா, எப்போது கூப்பிடுவது என்பதெல்லாம் தாயும் மகனும் எழுதி முடிவெடுக்கிற காரியம். ஊரில் என்னை வாயில்லாதவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்த வீட்டில் மட்டும்தான் எனக்கு வாய் இல்லை.

மாமியின் தகப்பன் பாய்க்கப்பல் ஓட்டிய தண்டையல். வீடு பெரிய கல்வீடு. எண்பத்தேழில் விழுந்த ஷெல் ஒன்று மூலையறையைக் கொண்டுபோய்விட்டது. மாமி அதைத் திருத்தவில்லை. உடைந்த சுவரின் விளிம்பை ஒருவரையும் கொத்த விடாமல் அதன் மேலே சங்குகளை அடுக்கி வைத்தார். அதிலிருந்துதான் அவருக்கு இந்தப் பித்து பிடித்தது என்று சொல்வார்கள். நான் போனபோது வீடு முழுக்க உடைந்த சாமான்தான். ஷெல் கோதில் தண்ணீர் விட்டுச் செவ்வரத்தம்பூ வைத்திருந்தார். சன்னம் துளைத்த கதவு ஒன்று நாலு கல்லின் மேல் மேசையாகக் கிடந்தது. துளைகளை அடைக்கக்கூடாது என்பது கட்டளை. காது போன பீங்கான் சாடி, பாதி மட்டும் மிஞ்சிய நிலைக்கண்ணாடி, கரையொதுங்கிய பச்சைக் கண்ணாடி மிதவைகள், நாக்கில்லாத ஒரு மணி. உடைந்த கண்ணாடியையும் வெடித்த பானையையும் வீட்டுக்குள் வைத்தால் மூதேவி வந்து குந்துவாள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நான் ஒரு முறை பயந்து பயந்து அதைச் சொன்னேன். "மூதேவிக்கும் இருக்க ஓரிடம் வேணும்தானே பிள்ளை," என்றார். அவருக்கென்று ஒரு வேதவாக்கும் இருந்தது. "கடையிலை வாங்கின சாமானுக்கு முகம் இல்லை. அடிபட்டதுக்குத்தான் முகம் இருக்கு." அடிபட்ட மனிதர்களைப் பற்றி அவருக்கு அப்படி ஒரு அபிப்பிராயமும் இருக்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அவருக்குக் கண் இருந்தது. கையும் இருந்தது. கரையில் எடுத்த மரத்தை அப்படியே சுவரில் ஏற்றிவிட மாட்டார். உப்பு உள்ளே இருந்தால் மாரிகாலத்தில் மரம் வியர்த்துச் சுவரைக் கெடுக்கும் என்பார். கிணற்றடித் தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி மரத்தை ஊறப்போடுவார். மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுவார். ஒரு மாதம் ஊறிய பிறகு நிழலில் காயவிட்டு, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைப்பார். சவர்க்காரம் காட்டமாட்டார், வாள் காட்டமாட்டார், ஒரு ஆணிகூடப் பிடுங்கமாட்டார். அந்த ஒழுங்கையில் உப்புக் கரிக்காத கிணறு எங்களுடையது மட்டும்தான். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காலையில் ஒரு வாளி, பின்னேரம் ஒரு வாளி என்று மாமி கணக்கு வைத்திருந்தார். அக்கா இரண்டாவது வாளியைக் கிணற்றில் இறக்கினால் உள்ளிருந்து செருமுவார். தொட்டியில் மரக்கட்டைகள் கழுத்தளவு தண்ணீரில் கிடக்க, அக்கா ஒரு வாளியோடு போவார்.

அக்காவுக்கு முப்பது முப்பத்திரண்டு வயது. பிள்ளைகள் இல்லை. தாயோடும் தம்பியோடும் ஓலை வீட்டில் இருந்தார். புருசன் போனது என்னுடைய கண்ணுக்கு முன்னால் நடந்ததுதான். நான் அங்கே போய் நாலைந்து மாதத்துக்குள். கடலில் தொழில் செய்யத் தடை இருந்த காலம். பட்டினி கிடக்க ஏலாமல் ஒரு பின்னேரம் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார். அதோடு சரி. நேவி சுட்டதென்றார்கள். பிடித்துக்கொண்டு போய்த் தெற்கே சிறையில் வைத்திருக்கிறதென்றார்கள். காற்றில் இழுபட்டு இந்தியாவில் ஒதுங்கியிருக்கலாம் என்றார்கள். அக்கா இந்தியாவைப் பிடித்துக்கொண்டார். அப்படித் திரும்பி வந்த ஆட்கள் அந்தக் கரையில் இருந்தார்கள், அதனால் அவரைப் பைத்தியம் என்று யாரும் சொல்ல முடியாது. உடலோ, வள்ளத்தின் ஒரு துண்டோ கரைக்கு வராதவரைக்கும் அந்த ஊரில் ஒரு பெண்ணின் தாலியில் கை வைக்கமாட்டார்கள். வந்துவிட்டால், வந்த நாளைத்தான் செத்தவரின் நாளாக எடுத்துச் சடங்கு செய்வார்கள். வருடாவருடம் அந்தத் திதியில்தான் துவசம். அக்கா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தோய்ந்து, பெரிய குங்குமப் பொட்டு வைத்து, எங்கள் விறாந்தையோரம் நடந்து போவார்.

பலகையை எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்று நாள் பெய்த மழை விட்டிருந்தது. கடலில் நேவிக்கப்பல் தெரியவில்லை. மாமி என்னையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனார். பலகை பாசிக்குள் குப்புறக் கிடந்தது. மாமி குனிந்து அடியில் கை விட்டுத் தூக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அப்படியே கீழே விட்டு, "பிள்ளை, மற்றத் தொங்கலைப் பிடி," என்றார். நான் மற்ற நுனியைப் பிடித்தேன். பாரம் என்றால் பாரம், ஊறிய மரம். நீலமும் மஞ்சளும் கீழ்ப்பக்கமாக இருந்ததை வழியில் ஒரு முறை கண்டேன். எனக்கு அது ஒரு பழைய வள்ளத்துப் பலகை, அவ்வளவுதான். அந்தக் கரையில் பிறந்த சின்னப் பிள்ளைக்குக்கூட நிறத்தைக் கண்டால் ஆளைத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. என் இடத்தில் கடற்கரைப் பெண் ஒருத்தி நின்றிருந்தால் அந்த இடத்திலேயே குழறி அழுதிருப்பாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, வேலியோரமாக, அக்காவின் வீட்டு வாசலைத் தாண்டி அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒரு மாதம் அது தொட்டியில் குப்புறக் கிடந்தது. அக்கா பக்கத்தில் நின்று தண்ணீர் அள்ளினார்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு தை மாதம், பலகைக்குப் பின்னால் சுவரில் கறையான் ஏறியிருந்தது. மாமி கோயிலுக்குப் போயிருந்தார். நான் விளக்குமாற்றோடு போய்ப் பலகையின் ஒரு நுனியைக் கொளுக்கியிலிருந்து கொஞ்சம் தள்ளி, பின்னால் எட்டிப் பார்த்தேன். வளைந்த வேலைக் கண்டேன். அதற்குள் அக்கா வீட்டுக்கு எத்தனையோ முறை போய் வந்திருந்தேன். அவருடைய வாசல் படலையிலும் அதே வேல் இருந்தது, அதே வளைவோடு. "அவருக்கு நேராய் ஒரு கோடு கீறத் தெரியாது தங்கச்சி," என்று அக்கா அதைக் காட்டிச் சிரித்திருக்கிறார். நான் நுனியைப் பிடித்தபடியே நிற்க, மாமி வந்தார். நிலத்தில் கொட்டியிருந்த மண்ணைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"கண்டிட்டியோ?" என்றார். "கண்டது கண்ணோடை கிடக்கட்டும். சொன்னால் அவளின்ரை பொட்டு அழியும். உன்ரை வாயாலை அழிக்கப்போறியோ? நான் அவளுக்குச் செய்த புண்ணியம் உது."

புண்ணியம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. புண்ணியம் செய்ய நினைத்தவள் அதை அடுப்பில் வைத்திருக்கலாம். கடலிலேயே தள்ளி விட்டிருக்கலாம். கிணற்றடியில் ஒரு மாதம் ஊறவைத்து, எண்ணெய் பூசி, வந்த சனம் எல்லாம் தடவிப் பார்க்கச் சுவரில் ஏற்றியிருக்கத் தேவையில்லை. அவருக்குப் பலகை வேண்டும், அவ்வளவுதான். அப்படி ஒரு மரம் அவருக்கு வேறு கிடைத்ததில்லை. இதெல்லாம் எனக்கு அன்றைக்கே விளங்கியது. விளங்கியும் நான் நுனியைத் திரும்பக் கொளுக்கியில் சரியாக வைத்து, மண்ணைக் கூட்டி அள்ளினேன். சொன்னால் அக்காவின் பொட்டு அழியும் என்ற பேச்சை எனக்கு வசதியாக வைத்துக்கொண்டேன். உண்மையில் பயந்தது என் கடிதங்களுக்கு. அந்த மாதம்தான் இவர் என்னைக் கூப்பிடுவதைப் பற்றி முதல் முறை எழுதியிருந்தார்.

இப்போது நான் இருக்கும் ஜேர்மன் நகரத்தில் இப்படியான மரங்களை விற்க ஒரு கடையே இருக்கிறது. காற்றும் மழையும் தின்ற பலகை, துருப்பிடித்த கொளுக்கி, வெடித்த சாடி. புதிய சாமானைவிட விலை கூட. என் மகள் அங்கே இருந்து ஒரு பலகை வாங்கிக்கொண்டுவந்து வரவேற்பறையில் மாட்டினாள். மாட்டுவதற்கு முன்னால் நான் அதைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. "என்னம்மா தேடுறீங்கள்?" என்றாள். அழுக்கு இருக்கோ என்று பார்த்தேன் என்றேன். அடிபட்ட பொருளில் அழகு இருக்கிறது என்று அவளும் சொல்கிறாள். இருக்கலாம். ஒரு வீட்டுக்காரிக்கு அழகாய்த் தெரிகிற அடி, வேறு எங்கேயோ யாரோ ஒருவர் மேல் விழுந்த அடி. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் நல்ல பிள்ளை, அவள் வாங்கியது வெறும் மரம்.

கறையான் ஏறிய அந்த வருடம் ஆனியில் வெயில் கொளுத்தியது. கிணறு அடிக்குப் போய்விட்டது. மாமி அக்காவுக்கு நாளுக்கு ஒரு வாளிதான் என்றார். அன்றைக்குத் தொட்டியில் புதிதாக ஒரு ஏர்க்கால் துண்டு ஊறிக்கொண்டிருந்தது. அக்காவுக்கும் பொறுமை என்று ஒன்று இருக்கிறதுதானே. விறாந்தைக்கு முன்னால் வாளியை வைத்துவிட்டு நின்றார்.

"மரக்கட்டைக்குத் தொட்டி நிறையத் தண்ணி. மனிசருக்கு ஒரு வாளியோ பெரியம்மா?"

"என்ரை கிணறு. என்ரை மரம்."

"உடைஞ்சதையும் உக்கினதையும் வீட்டுக்குள்ளை அடுக்கி வைச்சால் வீடு விளங்குமே? உதுகளை வைச்சிருக்கிறபடியால்தான் உங்கடை மோன் வராமல் அங்கை கிடக்கிறார்."

மகனை இழுத்ததுதான் பிழை. மாமி கோபப்பட்டால் கத்தமாட்டார், முகம் செத்துப்போகும். கதிரையை விட்டு எழும்பினார். சுவரடிக்குப் போனார். "பிள்ளை, மற்றத் தொங்கலைப் பிடி," என்றார்.

எனக்கு விளங்கியது. என்ன செய்யப்போகிறார் என்று தெரிந்தது. ஏலாது மாமி என்று சொல்லியிருக்கலாம். தனியாக அவரால் அதைத் தூக்க முடியாது. நான் அசையாமல் நின்றிருந்தால் போதும், பலகை சுவரிலேயே இருந்திருக்கும். நான் போய்ப் பிடித்தேன். இருவருமாகத் தூக்கி, நீலப் பக்கம் வெளியே தெரியத் திருப்பி, திரும்பவும் கொளுக்கிகளில் வைத்தோம். இருட்டில் இருந்தபடியால் நிறம் மங்கவே இல்லை.

"ஆரின்ரை பலகை எண்டு பார்," என்றார் மாமி. "உன்ரை பொட்டுக்கு இவ்வளவு நாளும் நான்தான் காவல் இருந்தனான். நீ என்ரை பிள்ளையைக் கதைக்கிறாய்."

அக்கா படியேறி வந்தார். அதுவரைக்கும் அவர் அந்த விறாந்தையில் ஏறியதில்லை. மாமி ஏற விடுவதில்லை. விரலால் வேலின் வளைவைத் தொட்டார். மஞ்சள் வரியை நுனி மட்டும் தடவிக்கொண்டு போய், முறிந்த இடத்தில் நிறுத்தினார். அழவில்லை. நான் அழுவார் என்று எதிர்பார்த்தேன், அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பிறகு மாமியைத் திரும்பிப் பார்த்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"பெரியம்மா, எண்டைக்கு எடுத்தனியள்?"

"நான் என்ன பஞ்சாங்கமோ? மழைக்காலம்."

அக்கா என்னைப் பார்த்தார். எனக்கு நாள் தெரியும். கந்தசட்டியின் ஆறாம் நாள். ஐந்து நாள் ஒருபொழுது இருந்து, ஆறாம் நாள் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாமல்தான் அந்தப் பாரத்தைத் தூக்கினேன். பின்னேரம் கோயிலில் சூரன்போர் பார்க்கும்போது தலை சுற்றி விழுந்தேன். ஐப்பசி வளர்பிறைச் சட்டி. அந்த மனிதருக்கு வருடாவருடம் எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டிய திதி அது. சொல்ல இரண்டு சொல் போதும். சொன்னால் நானும் தூக்கினேன் என்று வெளிப்படும். அதைவிட, மாமி தெரியாது என்ற ஒன்றை எனக்குத் தெரியும் என்று அவருக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும். நான் நிலத்தைப் பார்த்தேன். அக்கா கீழே இறங்கி, அன்றைய ஒரு வாளியை அள்ளிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் வெறும் நெற்றியோடும் வெறும் கழுத்தோடும் வந்து தண்ணீர் அள்ளினார். வேறு கிணறு இல்லை. அவருடைய தம்பி வந்து, உடல் இல்லாதபடியால் பலகையையாவது வைத்துக் கொள்ளி வைக்கலாம், தாருங்கள் என்று கேட்டான். "கடல் தந்தது. கரையிலை கிடந்ததுக்கு ஆர் உறுதிக் கடுதாசி வைச்சிருக்கினம்?" என்று மாமி அனுப்பிவிட்டார். தர்ப்பையால் ஒரு உருவம் செய்து எரித்தார்கள். நாள் தெரியாதவர்களுக்கு ஆடி அமாவாசைதான். ஊரில் எல்லாச் செத்த தகப்பன்மாருக்கும் தண்ணீர் இறைக்கிற கூட்டத்தில் அவர்களும் போய்க் கடலில் முழுகினார்கள். பலகையை மாமி பிறகு திருப்பவில்லை. "இனி மறைக்க ஒண்டும் இல்லைத்தானே. நீலம் இன்னும் வடிவு," என்றார். அக்கா நாளுக்கு ஒரு முறை அதைக் கடந்து கிணற்றுக்குப் போய், ஒரு முறை கடந்து திரும்பினார். தலையைத் திருப்பிப் பார்த்ததை நான் கண்டதில்லை. ஒன்றரை வருடம் நான் அவரை ஒவ்வொரு நாளும் கண்டேன். ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாம்.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில், சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்தபோது, என் பயணம் சரிவந்தது. மாமி பஞ்சாங்கத்தை மூன்று முறை புரட்டி, மரணயோகம் தவிர்த்து, எனக்கு நல்ல நாள் வைத்துத் தந்தார். போவதற்கு முதல் நாள் பின்னேரம் நான் கிணற்றுப் பாதையில் நின்றேன். மாமி வீட்டில் இல்லை. கடவுச்சீட்டு என் கையில் இருந்தது. இனி எனக்கு யாரிடமும் பயப்பட ஒன்றும் இல்லை. அக்கா வாளியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, உந்தப் பலகை ஒராளாலை தூக்கேலாது. அண்டைக்குத் திருப்பேக்கை பார்த்தனான், ரெண்டு பேர் வேணும். கரையிலை இருந்து கொண்டு வரேக்கையும் மற்றத் தொங்கலைப் பிடிச்சது நீர்தானே?"

நான் கிணற்றடிப் பக்கம் பார்த்தேன்.

"எனக்கு உம்மிலை கோவம் இல்லை. நாளை மட்டும் சொல்லும். அந்தாளுக்கு ஒரு நாள் இருக்கட்டும்."

இன்றைக்கும் எனக்கு ஏனென்று தெரியாது. பயம் போன பிறகும் வாய் பழகின பாட்டிலேயே நடந்தது.

"இல்லை அக்கா. நான் உந்த வீட்டுக்கு வரேக்கையே பலகை சுவரிலை கிடந்தது."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். என் கையை விடவில்லை.

"ஓம் தங்கச்சி," என்றார். "நீர் வந்த அண்டைக்கு பஸ்ஸடியிலை இருந்து உம்மடை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் எங்கடை அவர்தானே. பாவம், தோட்டக்காரப் பிள்ளை, இவ்வளவு பாரத்தை எப்பிடித் தனியக் கொண்டு வந்ததோ எண்டு வந்து சொன்னவர்."

பிறகு கையை விட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.